பைய முழிச்ச இண்டிகேட்டர்: மாஞ்சோலைக் குளிரில் ஆறு வருஷம்

திருநெல்வேலியில் இருந்துகொண்டு குளிரால் பைக்கில் கோளாறு என்று சொன்னால் சிரிப்பார்கள். சித்திரை வெயிலில் சீட்டில் உட்கார முடியாமல் துண்டை நனைத்துப் போட்டு ஓட்டுகிற ஊர். ஆனால் இதே ஜில்லாவில் மணிமுத்தாறு செக்போஸ்ட்டைத் தாண்டி ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள் வரிசையாக வரும். கார்த்திகை மார்கழியில் அங்கே விடியற்காலம் கிக்கரை உதைத்துப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. செல்போன் டவர்களின் பேட்டரி, மின்சாரம் பார்க்கிற வேலை. 2018 ஐப்பசியில் மலைமேல் டவர் வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. புலிகள் காப்பகத்துக்குள் போகும் ரோடு என்பதால் வெளியாட்கள் நினைத்த நேரத்துக்கு ஏற முடியாது. எனக்கு வேலைக்கான அனுமதிச் சீட்டு உண்டு. வாரம் ஒரு தடவையாவது ஏறுவேன். மழை ஓங்கிவிட்டால் நாலுமுக்கில் ஒரு லயன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ராத் தங்கல்.

வண்டி அப்பா ஓட்டியது. 2004 மாடல், நூறு சிசி, செல்ஃப் கிடையாது. ஹெட்லைட் மேக்னட் காயிலிலிருந்து நேராக எரியும். இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹாரன் மூன்றும் பேட்டரிப் பக்கம். அந்தப் பேட்டரியும் 12 வோல்ட், 2.5 ஆம்பியர்-ஹவர், சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். இந்த மாதிரி வண்டிகளில் ஸ்பார்க்குக்குத் தனிக் காயில் இருப்பதால் பேட்டரி செத்தாலும் இஞ்சின் பாட்டுக்கு ஓடும். அதனாலேயே பேட்டரியை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. ஊருக்கெல்லாம் பேட்டரி பார்க்கிற நானும் நினைக்கவில்லை.

முதல் கார்த்திகையிலேயே தொந்தரவு ஆரம்பித்துவிட்டது. நாலுமுக்கில் காலை ஆறரைக்கு வண்டியை எடுத்து, வலது பக்கம் திரும்ப சுவிட்சைத் தள்ளினேன். 'டொக்'. விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. சரி, இனி அணையாது போல என்று நினைத்த நேரம் அணைந்தது. அடுத்த 'டொக்' வருவதற்குள் ஒரு தும்மல் போட்டு மூக்கையும் துடைத்துக்கொள்ளலாம். மெதுவாக என்பதற்கு எங்கள் பக்கம் 'பைய' என்போம். பைய முழிக்கிறது, பையக் கண்ணை மூடுகிறது, ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவன் மாதிரி.

அன்று எனக்குப் பின்னால் தோட்டத்து ஜீப் வந்தது. காக்காச்சியில் நிறுத்தி டிரைவர் அண்ணாச்சி கேட்டார்: "என்னவே, எந்தப் பக்கம் திரும்புதேன்னு சொல்லவே மாட்டேங்க? மஞ்ச லைட்டு செத்தாப்ல முழிக்கி. சிவப்பு லைட்டு என்னன்னா அணையவே மாட்டேங்கு."

நான் மஞ்சள் லைட்டை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். அந்தக் கடைசி வாக்கியத்தையும் வாங்கியிருந்தால் மூன்று வருஷம் மிச்சமாகியிருக்கும்.

அந்தக் காட்டில் யாருக்கு இண்டிகேட்டர் என்று கேட்கலாம். என் மச்சினனும் கேட்டான். மேலே ஓடுவது இரண்டு பஸ், சில ஜீப், லாரி, அவ்வளவுதான், உண்மை. ஆனால் வடகிழக்குப் பருவமழை நாட்களில் தமிழ்நாட்டு மழைப் பட்டியலில் முதல் வரிசையில் வருகிற ஊர்கள் ஊத்தும் நாலுமுக்கும். மழை விட்டால் மஞ்சு, அதாவது மூடுபனி. மஞ்சுக்குள் பின்னால் வரும் லாரிக்காரனுக்கு நம் வண்டியும் தெரியாது, தோளும் தெரியாது. மஞ்சள் புள்ளி ஒன்றுதான் தெரியும். அது ஒன்றரை செகண்டுக்கு ஒரு தடவை முழித்தால், கொண்டை ஊசி வளைவில் அவன் பிரேக்கில் கால் வைப்பதா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் வளைவு முடிந்துவிடும்.

மோட்டார் வாகன விதிப்படி இண்டிகேட்டர் நிமிஷத்துக்கு 60 தடவைக்குக் குறையாமல், 120-க்கு மிகாமல் முழிக்க வேண்டும். கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நாலுமுக்கில் காலையில் பத்து முழிப்புக்கு 14 செகண்ட். அதாவது நிமிஷத்துக்கு 43. கீழே கல்லிடைக்குறிச்சியில் மத்தியானம் அதே பத்துக்கு 8 செகண்ட், 75. மேலே வெப்பமானி 13 டிகிரி, கீழே 32. ஆகக் குளிர்தான் காரணம் என்று அன்றே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

தீர்ப்பில் பாதி சரி. இண்டிகேட்டரை முழிக்க வைக்கிற சாமானுக்குப் பிளாஷர் என்று பெயர். என் வண்டியில் இருந்தது பழைய காலத்துச் சூட்டுப் பிளாஷர், சின்னத் தகர டப்பா. கம்பெனியில் வந்தது செத்தபிறகு அப்பா ரோட்டோரக் கடையில் மாட்டியது. அதற்குள்ளே இருப்பது இரண்டு உலோகத்தை ஒட்டிய ஒரு பட்டை. பல்புக்குப் போகும் கரண்ட் அந்த வழியாகவே போய்ப் பட்டையைச் சுட வைக்கும். சூடேறினால் பட்டை வளைந்து தொடர்பை விடும், விளக்கு அணையும். ஆறினால் நிமிர்ந்து திரும்பத் தொடும். 32 டிகிரியிலிருந்து வளைகிற சூட்டுக்குப் போவதற்கும் 13 டிகிரியிலிருந்து போவதற்கும் நேரம் வேறுபடும், பச்சைத் தண்ணீரை அடுப்பில் வைப்பதற்கும் வெந்நீரைத் திரும்ப வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. கரண்ட் குறைந்தால் இன்னும் தாமதம். சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறி இறங்குவதால் கரண்டில் கொஞ்சம் குறைந்தாலும் சூட்டில் நிறையக் குறையும்.

சரி, டப்பாவை மாற்றினால் தீர்ந்தது என்று 2019-இல் அம்பாசமுத்திரத்தில் ஒரு கடையில் எலக்ட்ரானிக் பிளாஷர் வாங்கினேன். இரண்டு பின், '12 வோல்ட், 10 வாட் இரண்டு' என்று மேலே போட்டிருந்தது. மாட்டினதும் மலையிலும் நிமிஷத்துக்கு எண்பதுக்குப் பக்கத்தில் முழித்தது. எனக்கு ஏகச் சந்தோஷம். கடைக்காரர் ஒரு குறிப்பும் சொன்னார், இன்றைக்கும் பயன்படுகிறது: சூட்டு டப்பா இருக்கிற வண்டியில் ஒரு பல்பு போய்விட்டால் மிச்சம் இருப்பது பைய முழிக்கும், இல்லையென்றால் நிலையாக எரிந்துகொண்டே நிற்கும், எலக்ட்ரானிக்கில் ஒரு பல்பு போனால் விறுவிறு என்று படபடக்கும். ஒரு பக்கம் மட்டும் பைய முழித்தால் அந்தப் பக்கத்து பல்பு, ஹோல்டர், ஒயரைப் பார். இரண்டு பக்கமும் பைய என்றால் பொது வழியைப் பார்: பேட்டரி, பியூஸ், சாவி சுவிட்ச், எர்த் (கரண்ட் பிரேம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி). எனக்கு இரண்டு பக்கமும் பைய. அவர் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டுப் பொது வழியைப் பார்க்காமலே வந்தேன்.

சந்தோஷம் ஒரு மழைக்காலம் நிற்கவில்லை. முழிப்பு வேகம் சரிதான், ஆனால் வெளிச்சம் இல்லை. மஞ்சள் என்று சொல்ல முடியாது, அணையப்போகும் பீடி நுனி. இழை பல்பில் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்தேன்? வோல்டேஜை அளக்காமல் பல்பை மாற்றினேன்.

2020-இல் எல்.இ.டி. போட்டது தனிக் கூத்து. பத்து வாட் பல்பு இரண்டு சேர்ந்தால் ஒன்றரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எல்.இ.டி. அதில் பத்தில் ஒரு பங்குகூட இழுக்காது. அதனால் வாங்கிய பிளாஷர் குழம்பிவிட்டது, எல்.இ.டி.க்கு என்று தனியாக மூன்று பின் பிளாஷர் வாங்க வேண்டிவந்தது. அதை மாட்டினால் இடது சுவிட்சைத் தள்ளும்போது நாலு மூலையும் சேர்ந்து முழிக்கிறது! என் வண்டி மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பைலட் பல்பு. அதன் ஒரு முனை இடது ஒயரில், மறு முனை வலது ஒயரில். இழை பல்பு இருந்தவரை அந்த வழியாகக் கசிகிற கரண்ட் எதிர்ப்பக்கத்தை எரிய வைக்கப் போதாது, எல்.இ.டி.க்கு அதுவே விருந்து. பைலட் பல்பின் ஒரு முனையை எர்த்தில் கொடுத்து, மறு முனைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுகிற டையோடு ஆளுக்கொன்று போட்டுச் சரிசெய்தேன். டையோடு விலை ஐந்து ரூபாய்க்குள். கண்டுபிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

எல்.இ.டி. இரண்டு மழைக்காலம் ஓடியது. பகலில் பளிச்சென்று இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மலையில் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று: மஞ்சு ஈரம் கண்ணாடி மூடிக்குள் புகுந்து முத்து முத்தாக நின்றுவிடும். பத்து வாட் பல்பு எரிந்தால் அந்தச் சூட்டிலேயே உலரும். எல்.இ.டி. சுடாது, அதனால் மூடி நாள் முழுக்க வேர்த்துக்கொண்டே இருந்தது. இன்னொன்று, நான் முதலில் வாங்கியது வெள்ளை எல்.இ.டி.; மஞ்சள் மூடிக்குள் வெளிறிப்போய்த் தெரிந்தது. மஞ்சள் மூடிக்கு மஞ்சள் எல்.இ.டி. வாங்க வேண்டும், இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை.

2021 கார்த்திகையில் ஒரு சாயங்காலம், காக்காச்சிக்கும் மாஞ்சோலைக்கும் நடுவில், எல்லாமே அணைந்தது. இண்டிகேட்டர் இல்லை, பிரேக் லைட் இல்லை, ஹாரனை அமுக்கினால் கொசு கத்துகிற சத்தம். ஹெட்லைட் வெளிச்ச விளிம்பில் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு காட்டுமாடு. ஹாரன் அடிக்கக் கூடாத இடம்தான், அடிக்கவும் முடியாது என்பது வேறு. அது பார்த்தது, நான் பார்த்தேன். பத்து நிமிஷம் கழித்து அது தேயிலைக்குள் இறங்கிப் போனது.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் புத்தி வந்தது. இண்டிகேட்டரில் எல்.இ.டி. போட்டாயிற்று, அது ஒன்றும் இழுப்பதில்லை. அப்படியானால் பேட்டரியைக் குடித்தது யார்?

அடுத்த வாரம் பழைய இழை பல்புகளையும், டூல் பெட்டியில் கிடந்த அந்தத் தகர டப்பாவையும் திரும்ப மாட்டினேன். பைய முழிக்கிறது என்று நான் திட்டிய அதே டப்பாதான் வண்டியிலேயே உண்மையைச் சொன்ன ஒரே சாமான் என்பது அப்போதுதான் உறைத்தது. எலக்ட்ரானிக் பிளாஷர் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் வேகத்தை விடாது. நல்ல குணம்தான், ஆனால் நோயை மறைத்துவிட்டது.

வீட்டு முற்றத்தில் மத்தியானம் அளந்தால் எல்லாம் சுத்தம். பேட்டரி 12.5. இது ஏமாற்று. டவரில் நாங்கள் லோடு கொடுக்காமல் எந்தப் பேட்டரியையும் நல்லது என்று எழுதுவதில்லை. சும்மா இருக்கும்போது எல்லாப் பேட்டரியும் நல்ல பிள்ளைதான். அதனால் மல்டிமீட்டரை மலைக்கே கொண்டுபோனேன். ராத்திரி வண்டியை வெளியே விட்டு, காலை ஆறேகாலுக்கு, கை விறைக்க, சீட்டைக் கழற்றி உட்கார்ந்தேன். 13 டிகிரி.

ஒரு சின்ன உபாயம். இண்டிகேட்டர் முழிக்கும்போது அளந்தால் மீட்டரில் எண்கள் குதித்துக்கொண்டே இருக்கும். பிளாஷரைக் கழற்றிவிட்டு அதன் கப்ளரில் இரண்டு பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டால் விளக்கு அணையாமல் நின்று எரியும். நிதானமாக அளக்கலாம்.

பேட்டரி சும்மா இருக்கையில் 12.1. இண்டிகேட்டர் எரிய 11.8. பின்பக்க பல்பின் இரண்டு முனைக்கு நடுவில் 10.9. வழியில் 0.9 வோல்ட் தொலைகிறது. ஒயரைக் கழற்றி டப்பாவைப் போட்டு எண்ணினேன்: பத்து முழிப்புக்கு 12 செகண்ட். ஓட்டும்போது 14 வந்ததே? இன்னும் இரண்டு செகண்ட் எங்கே போனது என்று தெரியவில்லை. சரி, கிளம்புகிற நேரம் ஆகிவிட்டது என்று பூட்ஸை மாட்டினேன்.

மாஞ்சோலைப் பக்கம் மழைக்காலத்தில் செருப்போடு நடந்தால் அட்டை விடாது. விரலிடுக்கில் ஏறிக் குடித்துவிட்டு உருண்டு விழும்போதுதான் தெரியும். அதனால் மேலே இருக்கும்வரை முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ்தான். கீழே இறங்கினதும் செருப்பு. பூட்ஸோடு வண்டியில் உட்கார்ந்து, கிக்கரை உதைத்துவிட்டு, வலது காலை வழக்கமான இடத்தில் வைத்துத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற வெள்ளை மஞ்சு சிவப்பாக இருந்தது. காலைத் தூக்கினேன், வெள்ளை. வைத்தேன், சிவப்பு.

ஜீப் அண்ணாச்சி மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்னது அப்போதுதான் காதுக்குள் போனது.

மலை இறக்கத்தில் பின்னால் வருகிறவனுக்குச் சீக்கிரம் தெரியட்டும் என்று, பிரேக் பெடலைத் தொட்டதும் லைட் எரியும்படி சுவிட்சின் நட்டை ஏற்றி வைத்தவன் நான்தான். செருப்புக் காலுக்கு அது சரி. பூட்ஸ் கனத்துக்கு, சும்மா கால் வைத்தாலே எரியும். அந்த பல்பு 21 வாட். தனியாக ஒன்றே முக்கால் ஆம்பியர். இண்டிகேட்டரையும் சேர்த்தால் மூன்று ஆம்பியருக்கு மேல். இரண்டரை ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் மலை இறங்கும் நேரம் முழுக்க இதை இழுத்தால், அதுவும் ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் உருண்டு வரும்போது சார்ஜிங்கும் அரைகுறையாக இருந்தால், அந்தச் சோப்பு டப்பா என்ன செய்யும்? கல்லிடைக்குறிச்சியில் செருப்போடு ஓட்டும்போது எல்லாம் நன்றாக இருந்ததற்கும் இதுதான் காரணம். வெப்பமானியைப் பார்த்துக் குளிர் மேல் பழி போட்டேன், குற்றவாளி பூட்ஸுக்குள் இருந்தது.

பிரேக் லைட்டோடு சேர்த்துத் திரும்ப அளந்தேன். பேட்டரி 11.3, பின்பக்க பல்பில் 9.6. வழியில் 1.7 வோல்ட் காணோம். கரண்ட் இரட்டிப்பானதும் இழப்பும் இரட்டிப்பாகிவிட்டது, அதாவது வழியில் எங்கேயோ கல் கிடக்கிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து மறு முனையைப் பின் பல்பின் எர்த் பக்கம் வைத்தால் 0.8. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே காட்டக் கூடாது. சாவி சுவிட்சுக்குள் 0.4. கண்ணாடிக் குழாய் பியூஸ் ஹோல்டரில் 0.3. மிச்சம் சில்லறை.

எர்த்தைத் தேடிப் போனேன். பின் விளக்குகளின் பச்சை ஒயர்கள் எல்லாம் சீட்டுக்கு அடியில் சேர்ந்து ஒரு வளையத்தில் முடிந்து, பிரேமில் ஒரு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். போல்ட்டைத் திருகினதும் பச்சைப் பொடி உதிர்ந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்த்திகை என்பதால் அம்மா பக்கத்தில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"இது வெளக்குல பிடிக்க களிம்புல்லா? கொண்டா, ஒரு நிமிசத்துல தேச்சித் தாரேன்."

கொடுக்கவில்லை. புளி களிம்பை எடுக்கும், ஆனால் ஒயர் இழைகளுக்குள் போன புளிப்பைக் கழுவி எடுக்க முடியாது. போகப்போக ஒயர் உள்ளேயே அரித்துவிடும். வளையத்தை வெட்டி, ஒயரை நல்ல செம்பு நிறம் வரும்வரை பின்னுக்கு உரித்து, புது வளையம் வைத்து ஈயப் பற்று வைத்தேன். பிரேமில் அந்த இடத்துப் பெயின்ட்டை உப்புத்தாளால் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தேய்த்தேன். போல்ட்டை முறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசினேன். இறுக்கின பிறகுதான் பூச வேண்டும், ஈரத்தைத் தடுக்கத்தான் அது. கூடவே அந்தப் போல்ட்டிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனியாக ஒரு கனமான ஒயரும் இழுத்துவிட்டேன்.

கண்ணாடிப் பியூஸ் ஹோல்டரைத் தூக்கி எறிந்துவிட்டுத் தட்டைப் பியூஸ் ஹோல்டர், அதே ஆம்பியர் அளவில். சாவி சுவிட்சில் காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை திருப்பினேன்; 0.4 என்பது 0.1 ஆனது. ஹேண்டில்பார் சுவிட்சைத் திறந்தபோது என்னுடைய இன்னொரு கைங்கரியம் தெரிந்தது. எப்போதோ பேரிங் கிரீஸை உள்ளே அப்பியிருக்கிறேன். குளிரில் அது மெழுகு மாதிரி இறுகி, காண்டாக்ட் முழுசாக உட்காரவிடாமல் பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பிரேக் சுவிட்ச் நட்டை நாலு சுற்று இறக்கி, பூட்ஸ் போட்ட காலோடு சரிபார்த்தேன். பேட்டரி புதிசு.

மறுபடி நாலுமுக்கு, மறுபடி காலை ஆறேகால், மறுபடி 13 டிகிரி, அதே தகர டப்பா. பத்து முழிப்புக்கு 10 செகண்ட். பிரேக்கை அமுக்கினாலும் பத்தேகாலைத் தாண்டவில்லை. மொத்த வழி இழப்பு 0.3 வோல்ட். கீழே மத்தியானம் எட்டு செகண்ட், மலையில் முன்பு பதினாலு. அந்த ஆறு செகண்ட் தாமதத்தில் உண்மையான குளிரின் பங்கு இரண்டுதான். மற்ற நாலும் களிம்பும் பூட்ஸும் என் கிரீஸும். குளிர் சும்மா இருந்த நோயைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே. குளிரில் பேட்டரியின் பலமும் கொஞ்சம் குறையும் என்பது சேர்த்தி.

பத்து செகண்ட் என்றால் நிமிஷத்துக்குச் சரியாக 60, விதியின் விளிம்பு. அதனால் டப்பாவை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு இரண்டு பின் எலக்ட்ரானிக்கைத் திரும்பப் போட்டேன். எல்.இ.டி.க்குத் திரும்பப் போகவில்லை. பத்து வாட் இழை பல்புதான், நாலும் ஒரே கம்பெனி, ஒரே வாட். கலந்து போட்டால் பக்கத்துக்குப் பக்கம் வேகம் மாறும்.

பிறகு எப்படி ஓடியது என்றால், 2022 ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, அதுதான் நல்ல செய்தி. ஒவ்வொரு ஐப்பசிக் கடைசியிலும் எர்த் போல்ட்டை ஒரு தடவை அளந்து பார்ப்பேன். டிஸ்டில்டு வாட்டர் மாசத்துக்கு ஒரு தடவை. பல்பு இரண்டு போனது; படபடவென்று அடித்துத் தானே சொல்லிவிட்டது.

2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரை தாண்டியபோது வண்டி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மச்சினன் வீட்டில் நின்றது. சீட்டு மட்டம் தண்ணீர், ஒரு ராத்திரியும் பகலும். வடிந்த பிறகு கப்ளர்கள் எல்லாவற்றையும் பிரித்து, முதலில் நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, வெயிலில் இரண்டு நாள் காயவைத்தேன். சேற்றோடு காயவிட்டால் தொலைந்தது. பேட்டரி போயிற்று, எலக்ட்ரானிக் பிளாஷர் போயிற்று. அவசரத்துக்கு மாட்டிய தகர டப்பா ஒரு மாதம் ஓடியது. அந்த வெள்ளத்தில் அது வீட்டு அலமாரியில் மேல் தட்டில் இருந்தது, அதன் அதிர்ஷ்டம். நான் ஈயப் பற்று வைத்த எர்த் வளையம் மட்டும் அப்படியே இருந்தது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

புது பிளாஷர் பற்றி ஒரு குறை உண்டு. தகர டப்பா 'டொக் டொக்' என்று தொடைக்குக் கீழே சத்தம் போடும், திரும்பினபிறகு அணைக்க ஞாபகம் வரும். இது பூனை. சத்தமே இல்லை. பஸ்ஸர் வைத்த பிளாஷரும் கடையில் கிடைக்கிறது, எனக்கு அந்தக் குருவிச் சத்தம் ஆகாது.

2024-இல் தோட்ட வேலை நின்றுபோனது. லயன்களில் இருந்த குடும்பங்கள் பல மூட்டை முடிச்சோடு கீழே இறங்கிவிட்டன. மேலே பேசுவதற்கு ஆளில்லாத டவருக்கு அடிக்கடி ஏற வேண்டியதில்லை என்பதால் எனக்கும் பயணம் மாசத்துக்கு ஒன்று என்று சுருங்கிவிட்டது. ஜீப் அண்ணாச்சி இப்போது அம்பாசமுத்திரத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். போன மாதம் ஆற்றுப் பாலத்தில் எனக்குப் பின்னால் வந்து, பக்கத்தில் ஏறி, தலையை வெளியே நீட்டினார்.

"வே, நல்லாத்தான் முழிக்கி. ஆனா அம்பையில திரும்புனதுக்குப் போட்டத கல்லிடை வரைக்கும் அணைக்காம வாரியேவே!"